எஞ்சின் விளக்கு எரிந்த மாதங்கள்

அன்று காலையில் நான் ஒரு பஸ்ஸைப் பின்தொடர்ந்து கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்குள் என் கணவர் இருந்தார். நான் பின்னால் வருவது அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

என் கணவர் இருபத்தாறு வருஷம் லொறி ஓட்டியவர். தம்புள்ளையில் மரக்கறி ஏற்றி, மாத்தளை, கண்டி, அதற்கும் மேலே மலையில் இருக்கும் ஊர்கள் வரைக்கும் கொண்டுபோய்க் கடை கடையாக இறக்குவார். ஒரு நாள் தம்புள்ளையில் லொறிக்குச் சாமான் ஏற்றும்வரை தேத்தண்ணிக் கடையில் நின்றவர், நின்ற இடத்திலேயே வலிப்பு வந்து விழுந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து வீட்டுக் கிணற்றடியில் இன்னொரு தடவை வந்தது. மாத்திரை ஒழுங்காகப் போட்டால் அடங்கியிருக்கும், ஆனால் இனி வாகனம் ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொன்னார். அன்றைக்கே லொறிச் சாவியை முதலாளியிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நடந்து வந்தார். அதைப்பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் பலாபத்வலப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். மாதத்துக்கு ஒரு முறை அவரைக் கண்டி கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதற்காகவே நாற்பத்தேழு வயதில் கார் ஓட்டப் பழகினேன். லைசன் எடுத்து, ஐந்து பேர் கை மாறி வந்த, ஓட்டோ கியர் போட்ட ஒரு பழைய ஜப்பான் காரையும் வாங்கினேன். கார் வாசலுக்கு வந்த நாளில் அவர் வெளியே வந்து முன் டயரைக் காலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். "டயர் பரவால்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கிளினிக் நாள் வந்தது. "வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"நீ பள்ளிக்கூடத்துக்குப் போ. நான் பஸ்ல போயிர்றேன்."

அடுத்த மாதமும் அதே பதில்தான். இருபத்தாறு வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனுஷனுக்குப் பெண்டாட்டி ஓட்டும் காரில் ஏற மனம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கோபமும் வந்தது. அவருக்காகத்தானே இந்தப் பாடெல்லாம்? ஆனால் பஸ்ஸில் ஏதாவது நடந்தால் யார் பார்ப்பார்கள் என்ற பயம் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. மூன்றாவது மாதம் லீவு போட்டுவிட்டு, மாத்தளையில் அவர் பஸ் ஏறியதும் பின்னாலேயே காரை எடுத்தேன்.

பலகடுவை ஏற்றத்தில் வளைவுகள் தொடங்கியதும் கார் குலுங்க ஆரம்பித்தது. மிதித்தால் இழுக்கவில்லை. கண்ணெதிரே எஞ்சின் படம் போட்ட செம்மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. ஓரங்கட்டுவதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது. பஸ் வளைவில் திரும்பி மறைந்தது.

பார்க்கிங் விளக்கைப் போட்டுவிட்டுக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம் போயிருக்கும். மேலே இருந்து ஒருவர் ரோட்டோரமாக நடந்து இறங்கி வந்தார். கக்கத்தில் கிளினிக் கொப்பி வைத்த பொலித்தீன் பை. என் கணவர்தான்.

"எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"மாத்தளையில ஏறினதுலேர்ந்து கடைசி சீட்ல ஒக்காந்து கண்ணாடி வழியா ஒன்னத்தான் பாத்துக்கிட்டு வாறேன். ரெண்டு வளைவு திரும்பியும் காணல. எறங்கிட்டேன்."

அவர் பொனட்டைத் திறந்தார். மாதக்கணக்கில் அவர் ஒரு எஞ்சினைப் பார்த்ததை நான் பார்க்கவில்லை. கையை நீட்டினார். எதையும் தொடாமல் திருப்பி எடுத்துக்கொண்டார்.

"லொறின்னா சொல்லுவேன். இது கம்பியூட்டர் வண்டி. எனக்குத் தெரியாது."

கொஞ்சம் ஆறவிட்டுச் சாவியைத் திருப்பினேன், ஸ்டார்ட் ஆனது. முன் கதவைத் திறந்துவிட்டேன். அவர் பின் கதவைத் திறந்து, இடது மூலையில், கதவோடு ஒட்டி உட்கார்ந்தார். கண்டி வரைக்கும் அப்படியேதான் போனோம். கூலிக்குப் பிடித்த சாரதியைப்போல என்னை உட்கார வைத்துவிட்டாரே என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் மாத்தளை டவுனில் ஒரு கராஜுக்குப் போனேன். அங்கே எல்லோரும் பாஸ் என்று கூப்பிடும் மெக்கானிக் நிதானமான மனிதர். ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு நான்கு விரலைக் காட்டினார்.

"நாலு கோளாறுக் கோட் காட்டுது டீச்சர்."

எஞ்சினுக்குள் காற்று கூடிப் பெற்றோல் குறைந்திருக்கிறது என்பது ஒன்று. சிலிண்டர்களில் நெருப்பு ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்பது இரண்டாவது. மிதிக்காமல் நிற்கும்போது எஞ்சின் ஓட்டம் கட்டுக்குள் இல்லை என்பது மூன்று. புகைக் குழாயில் இருக்கும் ஒக்சிஜன் சென்சர் வேலை செய்யவில்லை என்பது நான்கு.

"எது பிழையின்னு சொல்லுங்களேன்."

"பழைய வண்டி டீச்சர். ஒவ்வொண்ணா மாத்திப் பாப்போம். மொதல்ல நெருப்புப் புடிக்க வைக்கிற பிளக்கும் கொயிலும்."

மாற்றினோம். விளக்கு அணைந்தது. மூன்றாம் நாள், பள்ளிக்கூடம் முடிந்து வரும் வழியில் ஒரு சின்ன ஏற்றத்தில் திரும்பவும் எரிந்தது. மறுபடி போனால், அடுத்ததாகக் காற்று அளக்கும் சென்சரை மாற்றுவோம், அதற்கும் சரிவராவிட்டால் பெற்றோல் பம்பு என்றார் பாஸ். அவர் ஏமாற்றவில்லை. வாசலில் ஏழு வண்டி காத்து நின்றது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். வழக்கமாக 'ம்' என்று கேட்டுக்கொண்டு போகிறவர், அன்று நின்றார்.

"நாலு கோளாறுக்கு நாலு சாமானா?"

"அப்படித்தான் சொல்றாரு."

"நாங்க நாலு கடையில தக்காளி எறக்குறோம்னு வையி. நாலு கடைக்காரனும் நசுங்கிக் கெடக்குன்னு சத்தம் போடுறான். நாலு தோட்டத்துக்கா ஓடுவோம்? மொதல்ல லொறியத்தான் பாக்கணும். பெட்டி அடுக்கினது சரியான்னு பாக்கணும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சிரிப்பை விடக்கூடாது என்று நினைத்தேன்.

மறுநாளே டவுனில் ஒரு போன் கடையில் தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்கேனர் வாங்கிவந்தேன். அதை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால், எஞ்சினுக்குள் நடப்பதெல்லாம் போனில் தெரியும். எல்லாம் இங்கிலீஷில். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கு எஞ்சின் தெரியாது. சாப்பாட்டு மேசையில் ஒரு அப்பியாசக் கொப்பியை விரித்து, நான்கு கோட்களையும் மேலிருந்து கீழாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் அர்த்தம் எழுதினேன். இணையத்தில் தேடி வாசித்ததையெல்லாம் அவருக்குச் சொன்னேன்.

கணக்கில் வராத காற்று எங்கேயோ ஒரு வழியால் உள்ளே போனால், அதை ஈடுகட்டக் கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக் கூட்டிக் கொடுக்குமாம். நூற்றுக்கு எத்தனை வீதம் கூட்டுகிறது என்று ஒரு இலக்கம் போனில் ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து, ஆறு என்றால் பரவாயில்லை. இருபதைத் தாண்டினால் கோளாறு.

"அப்ப அந்த எலக்கம் எங்க ஏறுதுன்னு பாத்தாப் போதும்" என்றார்.

"ஓட்டிக்கிட்டே பாக்க ஏலாதே."

அவர் கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான் பாத்துச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டோம். நாலந்தாப் பக்கமாகப் போய்த் திரும்புவதாகத் திட்டம். அன்றும் அவர் பின் சீட்டில்தான் ஏறினார், போனைக் கையில் பிடித்துக்கொண்டு. எலக்கம்தானே, பின்னால் இருந்தே வாசிக்கலாம் என்றார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "எத்தன?" என்று தலையைத் திருப்பினேன். கார் கொஞ்சம் நடுவுக்குப் போயிருக்கவேண்டும். எதிரே வந்த லொறி நீளமாக ஹோர்ன் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரி கடந்து போனது.

நாலந்தாவுக்குக் கொஞ்சம் முன்னால், மரநிழல் ஒன்றில் காரை நிறுத்தினேன். அத்தனை மாதக் கோபமும் ஒன்றாக வந்தது.

"நான் ஓட்டுற காருல முன்னால ஒக்காந்தா ஒங்க மரியாத கொறஞ்சிருமா? நான் ஒங்க டிரைவரா?"

கண்ணாடியில் பார்த்தேன். அவர் போனை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்புள்ளையில விழுந்தேன்ல," என்றார் மெதுவாக. "பக்கத்துல ஒருத்தன் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு நின்னான். நான் அவன் கையப் புடிச்சி இழுத்தேனாம். அவன் நெஞ்செல்லாம் வெந்துபோச்சி. எனக்கு ஒண்ணும் தெரியாது. எழும்பின பெறகுதான் சொன்னாங்க."

இது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

"ஒன் பக்கத்துல ஒக்காந்திருக்கயில அப்படி வந்துச்சின்னா? ஸ்டியரிங்கப் புடிச்சி இழுத்துட்டேன்னா? இந்த ரோட்டுல எத்தன லொறி வருது பாத்தியா? நான் ஓட்டின ரோடு. எனக்குத் தெரியும்." குரல் உடைந்தது. "அதுக்குத்தான் பஸ்ல போனேன். மரியாதைக்கு இல்ல."

மூன்று மாதமாக நான் அவர்மீது வைத்திருந்த வழக்கு அப்படியே விழுந்துவிட்டது. அழுதால் அவர் இன்னும் உடைந்துபோவார் என்று இறங்கி, சுற்றிப் போய், முன் இடது கதவைத் திறந்தேன். கீழே இருந்த கம்பியைத் தூக்கிச் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினேன். முதுகுப் பக்கத்தையும் நன்றாகச் சாய்த்தேன்.

"இதுல ஒக்காருங்க."

"வேணாம் புள்ள."

"சும்மா ஒக்காருங்க. வண்டி நிக்கிதுதானே."

உட்கார்ந்தார். பெல்ட்டை இழுத்து நானே மாட்டினேன். என் பக்கம் வந்து ஏறிக்கொண்டேன்.

"இப்பக் கைய நீட்டுங்க. ஸ்டியரிங்கத் தொடுங்க பாப்பம்."

வலது கையை நீட்டினார். ஒரு சாண் குறைந்தது. உடம்பை முன்னால் இழுத்துப் பார்த்தார், பெல்ட் பிடித்துக்கொண்டது. இன்னொரு தடவை, பலமாக இழுத்தார். எட்டவில்லை. ஒரு பெரிய மனுஷன் தன் கை எட்டாமல் போனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"எட்டல," என்றார்.

"எட்டாது," என்றேன்.

அப்படியே, சாய்வு நாற்காலியில் கிடக்கிறவர்போலச் சாய்ந்துகொண்டு, போனைத் தூக்கிப் பிடித்து இலக்கங்களை வாசிக்கத் தொடங்கினார். சமதரையில் ஆறு, ஏழு. ஒரு மேட்டில் ஏறும்போது பதினைந்து, பத்தொன்பது, இருபத்துநான்கு. மேடு முடிந்ததும் திரும்ப எட்டு. இடையிடையே அவருடைய வலது கால் அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன்.

"ஏத்தத்துலதான் வருது," என்றார். "சென்சர் செத்துப்போயிருந்தா ஏத்தம் எறக்கம் பாத்தா சாகும்? ஏத்தத்துல மிதிச்சா எஞ்சின் ஒரு பக்கமாச் சாயும். சாயும்போது எதுவோ தொறக்குது. வீட்டுக்குத் திருப்பு."

வாசலில் காரை நிறுத்தினேன். அவர் நான்கு சில்லுகளுக்கும் கல் வைத்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் பிரேக்கையும் நன்றாக மிதித்துக்கொள்ளச் சொன்னார். பொனட்டைத் திறந்துவிட்டு, முன்னால் நிற்காமல், பக்கவாட்டில் நின்றுகொண்டார்.

"கியரப் போட்டு மத்தக் காலால எக்ஸலேட்டரக் கொஞ்சமா மிதி. இன்னுங் கொஞ்சம். ஆ, அப்படியே வையி!"

எஞ்சின் உறுமியது. பொனட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் இருந்த சின்ன நீக்கலில் அவருடைய காது மட்டும் எனக்குத் தெரிந்தது. நரை விழுந்த கிருதாவும் அந்தக் காதும். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார் என்று தோன்றியது.

"விடு!" என்று கத்தினார். "திரும்ப மிதி! விடு!"

பிறகு எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார். எஞ்சினுக்குக் காற்றுக் கொண்டுபோகும் தடித்த ரப்பர்க் குழாய் ஒன்று இருந்தது, அடுக்கடுக்கான மடிப்புகளோடு. அடிப்பக்கத்து மடிப்பு ஒன்றுக்குள் என் விரலைப் பிடித்து வைத்தார். விரல் பாதி உள்ளே போனது. மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. எஞ்சின் சாய்ந்தால் மட்டும் வாய் பிளக்கும் ஒரு வெடிப்பு. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் ஒன்றும் நைந்துபோயிருந்ததால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சாய்ந்திருக்கிறது.

"உஸ்ஸுன்னு இழுத்திச்சி," என்றார். கையெல்லாம் கறுப்பு. நெற்றியிலும் ஒரு கீறல் கறுப்பு. "ஸ்கேனருக்கு ஏத்தம் தெரிஞ்சிச்சி. எடம் தெரியல."

குழாயும் ரப்பரும் பழைய உதிரிப்பாகக் கடையில் கிடைத்தன. கராஜ் பாஸிடம் கொண்டுபோய்ப் போட்டோம். கழற்றிய குழாயை வளைத்துப் பார்த்துவிட்டு பாஸ், "இத நான் பாத்திருக்கணும் அண்ணே. மேலால மட்டுந்தான் பாத்தேன்," என்று ஒளிக்காமல் சொன்னார். கோட்களை அழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டினேன். நான்கில் மூன்று கோட் வரவேயில்லை. ஒக்சிஜன் சென்சர் மட்டும் திரும்ப வந்தது. அது உண்மையிலேயே பழுதாகியிருந்தது. அதை மாற்றியதோடு விளக்கும் அணைந்தது.

அதற்குப் பிறகு அவர் பஸ்ஸில் போகவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "வலிப்பு வந்திருச்சின்னா என்னா செய்யணும்னு நீ பழகணும்." ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிப் போக்குவரத்து குறைந்த நேரம் பார்த்து அதே ரோட்டில் போவோம். எந்த அறிவிப்பும் இல்லாமல், "இப்ப!" என்பார். நான் சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, இடது பக்கம் ஒதுங்கி, நிறுத்தி, பார்க்கிங் விளக்குப் போட்டு, மணி பார்த்து, அவரைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். முதல் தடவை பதற்றத்தில் வைப்பரைப் போட்டுவிட்டேன். "மழையா பெய்யிது?" என்று சாய்ந்தபடியே கேட்டார். இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வேலிக்குப் பின்னால் இருந்து ஒரு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது.

லொறி எப்படி வளைவில் வரும், எந்த ஓரத்தில் மண் இளகியிருக்கும், பின்னால் வருகிறவனுக்கு எப்போது தெரியப்படுத்த வேண்டும் என்றெல்லாம் அப்போதுதான் சொன்னார். மனுஷன் இவ்வளவு பேசுவார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஒரு நாள் பழக்கம் முடிந்து திரும்பும்போது, வெளியே பார்த்துக்கொண்டே, "நீ நல்லாத்தான் ஓட்டுறே. நான் நெனச்சதவிட நல்லா ஓட்டுறே," என்றார்.

எட்டு மாதம் போனது. தம்புள்ளையில் அவருடைய பழைய கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். நடுப்பகல். வாழைப்பழச் சீப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நின்றார். பழச் சீப்பு கீழே விழுந்தது. அவருடைய வலது கை விறைத்து என் பக்கமாக நீண்டது.

எட்டவில்லை.

சிக்னல், கண்ணாடி, இடது ஓரம். நிறுத்திவிட்டு மணியைப் பார்த்தேன். பெல்ட்டைக் கழற்றி, அவரை என் பக்கமாகத் திருப்பி, தலைக்குக் கீழே என் கையை வைத்தேன். பின்னால் வந்த மரக்கறி லொறி ஒன்று நின்றது. சாரதி சாவிக் கொத்தோடு ஓடி வந்து, அதைக் கையில் கொடுக்கச் சொல்லிச் சிங்களத்தில் அவசரப்படுத்தினார். வேண்டாம், இப்படியே கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். என் குரல் வகுப்பில் பேசுவதுபோல இருந்தது, எனக்கே ஆச்சரியம். அவர் நம்பாமல், ஆனால் போகாமல், வெயில் படாதபடி கதவருகே மறைத்து நின்றார்.

இரண்டு நிமிஷத்தில் உடம்பு தளர்ந்தது. இன்னும் பத்து நிமிஷம் கழித்துக் கண் திறந்தார். என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"எங்க?"

"நாலந்தா தாண்டல இன்னும்."

நாக்கை அசைத்துப் பார்த்தார். வார்த்தை வர நேரமெடுத்தது.

"ஒனக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல. ஓரங்கட்டிட்டேன்."

"கண்ணாடி பாத்தியா?"

"பாத்தேன்."

கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணில் இருந்து காதுப் பக்கமாக ஒரு கோடு நீர் இறங்கியது. நான் துடைத்துவிட்டேன். லொறிச் சாரதி தண்ணீர்ப் போத்தல் ஒன்றை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

அன்று நான் மிக மெதுவாக ஓட்டினேன். பலாபத்வல வருவதற்குள் அவர் தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்து, தலை என் பக்கமாகச் சரிந்திருந்தது. வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திய பிறகும் எழுப்ப மனம் வரவில்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டு, கீழே உருண்டிருந்த வாழைப்பழங்களில் நசுங்காத ஒன்றை எடுத்து உரித்துச் சாப்பிட்டுக்கொண்டு, அவர் விழிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.